தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது?

1976இல் ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டு மெத்தையில்தான் நான் முதன்முதலில் கூலிக்கு நின்றேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. தேக்குச் சரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்வாக ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி போட்ட மெத்தை அது. ஒரு மூலையில் ஒழுகியதால் அந்த இடத்தை மட்டும் பெயர்த்துவிட்டுப் புது ஜல்லி போட்டிருந்தார்கள். எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் ஒரே தாளத்தில் குத்திக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறவைத்த தண்ணீரை அவர்களுக்கு முன்னால் தெளித்துக்கொண்டே போவது என் வேலை. கீழே அந்த வீட்டுக்காரர்கள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். குடியிருக்கும் வீட்டில் வேலை செய்வது எப்படி என்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டையைக் கையில் கொடுத்தார். "குத்திப் பாருடா. கட்டை துள்ளித் திரும்பணும். துள்ளலைன்னா உள்ளே இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல ஓடு ஒட்டினா அந்த ஈரம் கீழேதான் இறங்கும்" என்றார். நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எந்த வேலையைத் தொடும்போதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பேச்சுதான். பழைய வீட்டில் எதையும் மூடுவதற்கு முன்னால், உள்ளே தண்ணீர் இருக்கிறதா, அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் சடையங்குப்பம். கொசஸ்தலையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் பக்கத்தில் தாழ்வாகக் கிடக்கும் ஊர். பக்கத்து மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை உற்பத்தி தொடங்கிய 1969இல்தான் அப்பா எங்கள் வீட்டைக் கட்டினார், நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் கொத்தனார். வாரத்தில் ஆறு நாள் பிறர் வீட்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் வேலை. ஒன்றரைக் கல் சுவர், மண் சாந்து, மேலே கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. கூரைக்குப் பனஞ்சட்டமும் மங்களூர் ஓடும். அவர் சின்ன வயதில் பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல் படகுகளில் பக்கிங்காம் கால்வாய் வழியாகவே வருமாம். 1965, 1966 புயல்களில் கால்வாய் கெட்டுப்போன பிறகு படகு குறைந்து, லாரி வந்தது என்பார். வாசலில் மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போவோம். அந்த மூன்று படியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, 1991இல், வீட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். சுண்ணாம்புப் பூச்சு முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் பெருக்கினால் ஒரு முறம் தூள் சேரும். அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் சிமென்ட்தான் கெட்டி, சுண்ணாம்பு பழசு. உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, இடுப்பு உயரம்வரை நல்ல கெட்டிக் கலவையாகச் சிமென்ட் பூசினேன். பார்க்க வழவழவென்று இருந்தது. நைனா தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மழைக்காலம் போனது. முழங்காலில் நின்றிருந்த ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், மார்பு உயரத்துக்கு வந்திருந்தது. நான் பூசிய சிமென்ட் அப்படியே கெட்டியாக நின்றது. அதற்கு மேலே, நைனாவின் பழைய சுண்ணாம்புப் பூச்சு உப்பிப் பொரிந்து விழுந்தது. அம்மாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. ஒரு ராத்திரி பூச்சுப் பாளம் அம்மாவின் கால்மாட்டில் விழுந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தரையிலிருந்து செங்கல் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. வெளியேறும்போது தன்னோடு கொண்டுவந்த உப்பை மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போனது. அந்த வழியை நான் சிமென்டால் அடைத்துவிட்டேன். வழி அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்தில் வெளியே வந்தது. உதிர்ந்துகொண்டிருந்த பூச்சு கெட்டுப்போன பூச்சு இல்லை, சுவருக்காகத் தன்னைக் கொடுத்துக்கொண்டிருந்த பூச்சு.

எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் உப்பானதற்குப் பெரிய காரணம் உண்டு. 1960களின் பிற்பாதியிலிருந்து மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணற்று வயல்களில் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் நீர் இறைத்தார்கள். நல்ல நீர் இறங்க இறங்கக் கடல்நீர் உள்ளே வந்தது. அதே மீஞ்சூர் பெயரில் 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். இதையெல்லாம் ஒரு கொத்தனார் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். சுவரில் ஏறுவது அந்த உப்பு நிலத்தடி நீர்தான். கலவையில் ஊற்றுவதும் அதுதான்.

ஓதத்தைச் சுவரின் அடியிலேயே வெட்ட வேண்டும். வீட்டுக்குள் ஆறு பேர் இருக்க, சுவரின் அடியை எப்படி வெட்டுவது? 1996 தை மாதம் ஆரம்பித்தேன். அடிவரிசைச் செங்கல்லை இரண்டடி நீளத்துக்கு மட்டும் எடுப்பேன். அந்த இடத்தில் கடப்பா கல் பலகையை வைத்து, நீர்த்தடுப்புப் பொடி கலந்த கெட்டிச் சிமென்ட் கலவையால் அடைத்து, மேலே புதுச் செங்கல்லை இறுக்கி வைப்பேன். அடுத்த இரண்டடியைத் தொடமாட்டேன். அதைத் தாண்டி மூன்றாவதுக்குப் போவேன். முதலில் வைத்தது ஒரு வாரம் இறுகிய பிறகுதான் இடையில் விட்டதைத் திறப்பேன். ஒரே மூச்சில் நாலடி திறந்தால் மண் சாந்துச் சுவர் உட்கார்ந்துவிடும். வேலை முடிந்து வந்து மாலையில் ஒரு துண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு துண்டு. ஆடி வரைக்கும் இழுத்தது. பிறகு சிமென்ட் பூச்சை முழுக்க உடைத்துவிட்டுச் சுவரை ஒரு கோடை முழுவதும் வெறுமனே விட்டு, அடுத்த ஆண்டுதான் சுண்ணாம்பு பூசினேன். அதற்குள் வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாரும் "கொத்தனார் வீட்லயே பூச்சு இல்லையா" என்று கேட்டுவிட்டார்கள். அந்தச் சுவரில் அதற்குப் பிறகு தரையிலிருந்து ஓதம் ஏறவில்லை.

குடியிருந்துகொண்டே வேலை செய்வதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதை எனக்கு அமைத்துக் கொடுத்தவர் என் மனைவி. முதல் வருஷம் நான் கூடத்தையும் சமையலறையையும் ஒன்றாகக் கலைத்துப் போட்டதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எதை வேணா உடைச்சுக்கோங்க. எரியிற ஒரு அடுப்பு, எரியிற ஒரு விளக்கு, கதவு சாத்துற ஒரு கக்கூஸ், எல்லாரும் படுக்க ஒரு அறை. இந்த நாலும் எந்நேரமும் இருக்கணும்." அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். பிறகு எத்தனையோ வீடுகளில் வேலை எடுத்திருக்கிறேன். கலவை போடும் முன்னால் வீட்டுக்காரம்மாவிடம் இந்த நாலைத்தான் முதலில் கேட்பேன். எங்கே அடுப்பு மாறப்போகிறது, எங்கே படுக்கப்போகிறீர்கள் என்று பேசி முடிக்காத வேலை பாதியில் சண்டையில் நிற்கும்.

இரண்டாவது, மாதம். கூரையைத் திறக்கிற வேலை தை பிறந்த பிறகுதான். நமக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஆவணியில் "சின்ன வேலைதான்" என்று ஓட்டைப் பிரித்தவர்கள் தீபாவளிக்குத் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, தூசி. கொத்துகிற சுவரில் முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். அறை வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட வேண்டும். அன்றன்று உடைத்ததை அன்றன்றே வெளியே கொட்ட வேண்டும். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. அதனால் நான் அதைக் கவனமாகக் கற்றுக்கொண்டேன்.

பின்பக்கம் 1983இல் நைனாவும் நானும் சேர்ந்து ஓர் அறைக்குக் கான்கிரீட் தளம் போட்டிருந்தோம். தெருவிலேயே முதல் தளம் என்று பெருமை. கலவைக்குத் தண்ணீர் எங்கள் வீட்டுக் கைப்பம்பிலிருந்து. கம்பிக்கு அடியில் அரை அங்குலம் கலவை நின்றால் போதும் என்பது அப்போதைய வழக்கம். இருபது ஆண்டில், 2003இல், ஒரு மத்தியானம் உத்தரத்திலிருந்து ஒரு தட்டு அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. மேலே துருப்பிடித்த கம்பி வரி வரியாகத் தெரிந்தது.

அந்தத் தளம் ஏன் விழுந்தது என்று தெரிந்துகொள்ள அன்று மாலையே நான் வேலை பார்த்த இடத்துப் பொறியாளரிடம் போய்க் கேட்டேன். உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு கம்பியைவிடப் பல மடங்கு வீங்கும், வீங்கினால் கீழே இருக்கும் கான்கிரீட்டை உந்தித் தள்ளும் என்றார். 2000ஆம் ஆண்டு இந்தியத் தர விதிகளில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இருப்பதைக் காட்டினார். கடற்கரைச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டுமாம். நாங்கள் விட்டது சுமார் 12. படிக்காத கையால் அன்பாகப் போட்ட தளம்தான். ஆனால் உப்புக்கு அது தெரியாதே.

அந்த அறையிலிருந்து எல்லாரையும் முன்கட்டுக்கு மாற்றினேன். சவுக்குக் கட்டைகளை நாலடிக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்து, மேலே பலகை வைத்து ஆப்பு இறுக்கிய பிறகுதான் சுத்தியலைத் தொட்டேன். உரிந்த இடத்தை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தேன். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். பாதித் தளம் பொத்தென்றது. கம்பியைச் சுரண்டிப் பார்த்தபோது பல இடத்தில் பாதிப் பருமன்கூட இல்லை. மேலே சிமென்ட் அப்பி மூடினால் ஆறு மாதம் அழகாக இருக்கும், பிறகு பிள்ளைகள் தலையில் விழும். எனவே இடிப்பது என்று முடிவெடுத்தேன். இரண்டடிப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் முட்டு நிற்க, பன்னிரண்டு நாளில் கீழே இறக்கினோம். புதுத் தளத்துக்கு லாரித் தண்ணீர் வாங்கினேன். மூன்று லாரிக்குக் கொடுத்த காசு அன்றைக்குக் கனமாகத் தெரிந்தது. அந்தத் தளத்தில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

முட்டுக் கொடுத்திருந்த அந்த நாட்களில், எவ்வளவு சொல்லியும் என் பையன் பந்து எடுக்க உள்ளே ஓடினான். அன்றே வாசலில் செங்கல் அடுக்கி அடைத்தேன். சாக்கோ கயிறோ போதாது. குடியிருக்கும் வீட்டில் ஆபத்தான அறையைச் சுவர் வைத்தே மூட வேண்டும்.

இப்போது அந்த மூன்று படி. எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டினார்கள். 1969இல் மூன்று படி ஏறிய வீடு, 1990களில் ஒரு படி ஏறியது, 2008இல் தெருவும் வாசலும் ஒரே மட்டம். டியூப் லெவல் பிடித்துப் பார்த்தேன். தெருவின் நடுப்பகுதி எங்கள் கூடத்தைவிட நாலு அங்குலம் உயரம். மழைத் தண்ணீர் இனி தெருவிலிருந்து வீட்டுக்குத்தான் வரும்.

ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிற ஆட்கள் உண்டு. சுவருக்கு அடியில் இரும்புச் சட்டங்களைக் கோத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி உயர்த்துவார்கள். நல்ல சிமென்ட் சாந்தில் கட்டி, அடியில் கான்கிரீட் பெல்ட் ஓடுகிற வீட்டுக்கு அது சரி. மண் சாந்துச் சுவருக்கு ஒரு ஜாக்கி கொஞ்சம் முந்தினால் போதும், மூலை பிளந்துவிடும். நான் தரையை மட்டும் இரண்டடி ஏற்றினேன். தரை ஏறினால் கூரை இறங்கியது மாதிரி. நிலைப்படிகளைப் பிடுங்கி உயர்த்தி, கதவின் தலையில் இருந்த சுவரை வெட்டினேன். ஜன்னல் எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு உட்கார்ந்தபடியே தெருவைப் பார்க்க அதுவே வசதியானது. கிராவலை அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு இடித்தோம். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் இரண்டே வருஷத்தில் டைல்ஸ் பள்ளமாகும்.

2021 மே மாதம், பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. சென்னையில் எத்தனை ஆயிரம் வாசல்கள் அதற்குள் மண்ணுக்குள் போயிருக்கும்!

தரையை ஏற்றியும் வெள்ளம் வந்தது. கொசஸ்தலையாறு பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் தாண்டி எண்ணூரில் கடலைச் சேர்கிறது. பூண்டி நிறைந்து உபரிநீர் திறந்தால், முகத்துவாரம் அதை வாங்கிக்கொள்ளும் வேகத்தைப் பொறுத்துத்தான் எங்கள் ஊரில் தண்ணீர் நிற்பதும் வடிவதும். 2015 டிசம்பரில் வந்தது, 2021 நவம்பரில் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்தது.

ஒவ்வொன்றும் ஒரு பாடம் சொன்னது. 2015இல் வாசலுக்கு மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்தேன். வெளியே மூன்றடி, உள்ளே ஒன்றுமில்லை. ராத்திரி மேற்குச் சுவர் உள்பக்கம் வயிறு தள்ளுவதைப் பார்த்தேன். வெளியே நிற்கும் தண்ணீரின் கனத்தை மண் சாந்துச் சுவர் ஒரு பக்கமாகத் தாங்காது. மூட்டைகளை நானே எடுத்து, தண்ணீரை உள்ளே விட்டேன். சாமான்களை எல்லாம் தளத்துக்கு ஏற்றிவிட்டு, இருட்டில் கழுத்தளவு பயத்தோடு அதைச் செய்தேன். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் சுவர் நின்றுவிட்டது. அடுத்த தையில் சுவிட்ச் போர்டுகளை எல்லாம் ஐந்தடிக்கு மேலே மாற்றினேன். ஒயரைக் கீழிருந்து மேலே கொண்டுபோகாமல் மேலிருந்து கீழே இறக்கினேன். சமையலறை அலமாரிகளில் பிளைவுட்டை எடுத்துவிட்டுக் கடப்பா கல் போட்டேன்.

2021 வெள்ளத்துக்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர் வடிந்ததும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்கள் பங்குனிக்குள் உலர்ந்துவிட்டன. பக்கத்து வீட்டில் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த சுவர் அடுத்த ஐப்பசி வரை ஈரமாகவே கிடந்தது. பெயின்டில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. அதை உடைத்தால் உள்ளே உப்புத் தண்ணீர்.

2023இல் வந்தது வெறும் தண்ணீர் இல்லை. எண்ணூர்க் கழிமுகம் முழுக்க அப்போது எண்ணெய் பரவியது. எங்கள் சுவரில் அது முழங்காலுக்கு மேலே கறுப்புக் கோடாக ஒட்டியது. ஆற்றில் வலை வீசுகிறவர்களின் படகும் வலையும் பாழாகி அவர்கள் பிழைப்பே நின்றுபோனதை நினைத்தால் என் சுவர் ஒன்றுமில்லை. ஆனாலும் சுவரையும் சரிசெய்ய வேண்டுமே. முதலில் மரத்தூளை அப்பி எண்ணெயை உறிஞ்சவிட்டேன், சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன். மேலே சுண்ணாம்பு அடித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எண்ணெய் குடித்த பூச்சின்மேல் எதுவும் பிடிக்காது. கோட்டுக்கு ஓரடி மேலேவரை பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துச் செங்கல்லை வெளியே காட்டினேன். பூச்சு குடித்ததால் செங்கல் பெரும்பாலும் தப்பித்திருந்தது.

இந்த ஆண்டுகளில் தொழிலே மாறிவிட்டது. 2003இல் ஆற்று மணல் குவாரிகளை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு மணல் அருமையாகி, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்தது. முதலில் கரடு என்று எங்களுக்குக் கை பழகவில்லை. கழுவிய எம்-சாண்டில் உப்பு இல்லை என்று தெரிந்த பிறகு நான் அதையே கேட்டு வாங்குகிறேன். அனல்மின் நிலையச் சாம்பல் சிமென்டிலும் கல்லிலும் வந்துவிட்டது. சுண்ணாம்பு நீற்றுகிற தொட்டியைத் தெரிந்த பையன்கள் குறைந்துவிட்டார்கள். என்னோடு இப்போது வேலை செய்கிற இரண்டு பையன்கள் பீகார்க்காரர்கள். அவர்கள் ஊரிலும் மண் சாந்துச் சுவர் உண்டாம். ஓதம் என்ற சொல்லை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், சுவரைத் தொட்டுக் காட்டியதும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு ஆகும், எத்தனை நாள்" என்று கேட்கிறார்கள். வீடு வாங்கி இப்போதுதான் குடிவந்திருந்தால், ஒரு ஐப்பசி கார்த்திகையை அந்த வீட்டுக்குள் இருந்து பாருங்கள் என்பேன். ஈரமான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, தாளுக்கு உள்பக்கம் நீர் முத்து நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நின்றால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, ஒரு ஜன்னலே போதும். மழை பெய்யும்போது ஈரமாகிற இடம் மேலிருந்து வருவது. மழை நின்றும் காயாத இடம் கீழிருந்து வருவது. பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவர் கோடையிலும் நனைந்திருந்தால் குழாய். வெளியூரில் இருந்துகொண்டு சாவியை ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பவருக்கு இதெல்லாம் தெரியவராது. குடியிருக்கிறவருக்குத் தூசியும் துன்பமும் உண்டுதான், ஆனால் வீடு தன் நோயை அவரிடம்தான் காட்டுகிறது.

பையனுக்கு இந்த வீட்டை இடித்துவிட்டுத் தூண் எழுப்பிக் கட்ட ஆசை. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெள்ளம் இனியும் வரும். முகத்துவாரத்தில் சேரும் அனல்மின் நிலையச் சாம்பலையும் மணலையும் என் கரண்டியால் அள்ள முடியாது. அதை அள்ள வேண்டியவர்கள் அள்ள வேண்டும், அதைக் கேட்டு ஊரோடு நானும் நிற்கிறேன். பின்கட்டைத் தூண் வைத்து உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம், கூடத்தை மட்டும் விட்டுவிடு என்று பேசியிருக்கிறோம்.

2024 தையிலிருந்து கூடத்துச் சுவர் பூச்சில்லாமல் நின்றது. நைனா வைத்த செங்கல், அவர் குழைத்த மண், சில இடத்தில் சாந்தில் அவர் விரல் தடம். தினமும் காலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். மாசியில் சில்லென்று இருந்தது. பங்குனி நடுவில் அடிவரிசை மட்டும் சில்லென்று இருந்தது. பங்குனி கடைசியில் ஒரு நாள் என் மனைவி காபியோடு வந்து, அவரும் கையை வைத்துப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சுங்க."

தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. பையன்களைத் தொட்டியில் சுண்ணாம்பு நீற்றச் சொல்லி, கடுக்காயை ஊறப்போட்டேன்.